அடங்குவதும் அடக்குவதும்

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று ஒரு பாடம் உண்டு. திருந்து, திருத்து. ஒடுங்கு, ஒடுக்கு. அடங்கு, அடக்கு. மெல்லின மெய் இருந்த இடத்தில் வல்லின மெய் வந்து உட்கார்ந்துகொண்டதும் காரியத்தைச் செய்கிறவன் வேறு, அதற்கு ஆளாகிறவன் வேறு என்று ஆகிவிடுகிறது. வகுப்பு அடங்கியது, வாத்தியார் வகுப்பை அடக்கினார். வினைச்சொல்லாக இருக்கும்வரை தமிழ் இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுகிறது. பெயர்ச்சொல்லுக்கு வந்ததும் கைவிட்டுவிடுகிறது. 'அடக்கமான பையன்' என்கிறோம். அவனாக அடங்கினானா, அடக்கப்பட்டானா என்பதற்கு அந்தச் சொல்லில் தடயம் இல்லை. குறளின் 13-வது அதிகாரத்துக்குப் பெயர் அடக்கமுடைமை. உடைமை என்று சொல்லியான பிறகு அது சொந்தச் சம்பாத்தியமா, அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போனதா என்று யாரும் விசாரிப்பதில்லை. வகுப்பறையை வைத்துக்கொண்டு அதை விசாரிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்போது அடக்கம் என்ற சொல்லை அதிகம் உபயோகிப்பதில்லை. சுயகட்டுப்பாடு என்கிறார்கள். சிதறுகிற கவனத்தை இழுத்துப் பிடித்து ஒன்றில் நிறுத்துவது, பொங்கி வரும் கோபத்தை ஆற்றிக்கொள்வது, உடனே வேண்டும் என்பதை ஒத்திப்போடுவது, செய்த வேலையைத் தானே திரும்பப் பார்த்துச் சரிசெய்துகொள்வது, இவ்வளவும் அதில் சேர்த்தி. இவற்றை மாணவனிடம் வளர்ப்பது ஆசிரியரின் கடமை என்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு பிறவினையைக் கொண்டு ஒரு தன்வினையை உண்டாக்குவது எப்படி? நான் ஒருவனை அவனாகவே அடங்கும்படி செய்துவிட்டேன் என்றால் அங்கே அடங்கியது யார்? இது வார்த்தை விளையாட்டு இல்லை. 1803-ல் அச்சான தம் கல்வியியல் சொற்பொழிவுகளில் கான்ட் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார். நிர்ப்பந்தத்தை வைத்துக்கொண்டு சுதந்திரத்தை எப்படிப் பயிரிடுவது என்பது அவர் கேள்வி. அதே சொற்பொழிவுகளில் வேறோரிடத்தில், குழந்தைகளை முதலில் பள்ளிக்கு அனுப்புவது எதையும் கற்றுக்கொள்வதற்காக அல்ல, அசையாமல் உட்காரவும் சொன்னதைச் செய்யவும் பழகட்டும் என்றுதான், என்கிறார் கூச்சமில்லாமல். முன்னது தத்துவவாதியின் கேள்வி, பின்னது வாத்தியாரின் வாக்கு. இரண்டு பேரும் ஒரே உடம்புக்குள் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டுப் பேசினால் நம் விவாதம் சுலபமாகிவிடும், பிரயோஜனமில்லாமலும் போய்விடும்.

வாத்தியாரின் பக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். அதற்கு இங்கேயே பழைய சரித்திரம் இருக்கிறது. 1823-ல் பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல், தம் ஜில்லாவின் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிச் சென்னை அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். (தரம்பால் 1983-ல் வெளியிட்ட தொகுப்பில் அது இருக்கிறது.) காலையில் முதலில் வந்து சேரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவதாக வருகிறவன் கையில் ஒரு சுழி; புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. பிறகு வர வர ஒவ்வொன்று கூடும். கணக்கில் ஓர் அழகு இருப்பதை மறுப்பதற்கில்லை. முப்பதாவதாக வருகிறவனுக்கு 28 அடி. அவன் பாதி வழியில் திரும்பிப் போயிருந்தால், அன்றைக்கு அவன் சுயமாகச் செய்த ஒரே காரியம் அதுவாக இருந்திருக்கும்.

பெல்லாரி அறிக்கைக்குச் சுமார் 30 வருஷங்களுக்கு முன்னால், சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரியார் நிர்வகித்தார். நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளிக்கும் அதைக் கொண்டுவந்தார். மூத்த பையன்களை இளையவர்களுக்குக் கற்பிக்கவும் மேற்பார்க்கவும் வைத்தார். ஊர் திரும்பி 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்று பரவியது அதுதான். நம் திண்ணைப் பள்ளியில் அந்த மூத்த பையனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் பெந்தம். சிறைச்சாலையின் நடுவே ஒரு கோபுரம், அதிலிருந்து பார்த்தால் எல்லா அறையும் தெரியும், பார்க்கிறவன் மட்டும் தெரியமாட்டான் என்று திட்டம் போட்ட அதே பெந்தம். 1816-ஐ ஒட்டி அவர் வெளியிட்ட பள்ளித் திட்டத்தில் சட்டாம்பிள்ளையும் கோபுரமும் கைகோத்துக்கொள்கிறார்கள். ஃபூக்கோ 1975-ல் இந்தக் கதையின் ஐரோப்பியப் பாதியை விஸ்தாரமாகச் சொன்னார். எழும்பூர்ப் பாதியை நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-வது பிரிவில் பிரம்பைத் தடை செய்தது. 2019-ல் தில்லி அரசு வகுப்பறைகளில் கேமராக்களை மாட்டி, பெற்றோர் தங்கள் போனிலேயே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றது. பிரம்பு போன வழியில் கோபுரம் வந்து நிற்கிறது.

இந்த முறைகள் பலிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பலிப்பதுதான் சிக்கல். ஆசிரியர் வெளியே போகும்போது சாக்பீஸை லீடர் கையில் கொடுத்துவிட்டுப் போவார். கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்பு விழும். கீழே பெயர்கள். திரும்பவும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. இதில் பெயர் வராமல் தப்பியவன் என்ன கற்றுக்கொண்டான்? உதட்டை அசைக்காமல் பேச. லீடர் என்ன கற்றுக்கொண்டான்? அவன் பேசாமல் இருந்தது உண்மை, ஆனால் அடக்கத்தினால் அல்ல. அவன் கையில் வேலை இருந்தது, அதிகாரம் இருந்தது. மணி அடித்ததும் அந்த வகுப்பு வராந்தாவில் எழுப்புகிற கூச்சல் இருக்கிறதே, அதைத்தான் நான் அளவுகோலாக எடுத்துக்கொள்வேன். கட்டுப்பாடு பிள்ளைகளுக்குள் போகவே இல்லை, இவ்வளவு நேரமும் பலகை ஓரத்தில்தான் இருந்தது.

உள்ளே போவது என்றால் என்ன? இதற்கு எனக்குத் தெரிந்தவரை திருப்தியான பதிலைத் தந்தவர் வைகாட்ஸ்கி. சின்னக் குழந்தைகள் தங்களுக்குத் தாங்களே உரக்கப் பேசிக்கொள்வதை 1923-ல் பியாஜே எழுதினார். மற்றவர் பார்வையில் நின்று பார்க்கத் தெரியாத பருவத்தின் பேச்சு, வயதானால் உதிர்ந்துவிடும் என்பது அவர் கணிப்பு. 1934-ல், வைகாட்ஸ்கி இறந்த வருஷமே வெளிவந்த சிந்தனையும் மொழியும் பற்றிய நூல் இதை மறுக்கிறது. குழந்தை படம் வரையும்போது வேண்டிய வர்ணப் பென்சில் இல்லாதபடி செய்து பார்த்தார்கள். பேச்சு ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. நீலப் பென்சில் எங்கே, சரி போகட்டும், சிவப்பால் வரைந்து தண்ணீர் தொட்டால் கறுத்து நீலம் மாதிரி ஆகிவிடும் என்று குழந்தை தனக்குத்தானே யோசனை சொல்லிக்கொள்கிறது. அது உளறல் இல்லை, தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் வேலை. அந்தப் பேச்சு உதிர்ந்து போவதுமில்லை, உள்ளே போய் மௌனமாகிறது. முதலில் அம்மா சொன்னாள், அக்கா சொன்னாள், வாத்தியார் சொன்னார். பிறகு குழந்தை அவர்கள் குரலைக் கடன் வாங்கித் தனக்கே சொல்லிக்கொண்டது. கடைசியில் குரலும் கேட்பதில்லை. பிறவினை தன்வினையாகும் வழி இதுவாகத்தான் இருக்க முடியும்.

நம் வகுப்பில் விழும் முதல் கட்டளையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையைக் கட்டு, வாயில் விரல் வை. முணுமுணுக்கிற குழந்தை வகுப்பைக் கெடுக்கிற குழந்தை. எந்தக் கருவியால் அது தன்னை ஆளக் கற்றுக்கொள்ளுமோ அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, உனக்குச் சுயகட்டுப்பாடு இல்லை என்கிறோம். அந்த நிலையும் பள்ளிக்கூடம் கண்டுபிடித்ததல்ல. கை கட்டி வாய் பொத்தி நிற்பது பண்ணையில் ஆண்டையின் முன்னால் கூலியாள் நின்ற நிலை. அடக்கம் நம் சமூகத்தில் எல்லோருக்கும் சமமாக விதிக்கப்பட்ட குணமாக இருந்ததில்லை. பெண்ணுக்கு அடக்கம் வேண்டும், வேலையாளுக்கு வேண்டும், சேரிக்காரனுக்கு வேண்டும். ஆண்டைக்கு அடக்கம் இருந்தால் அது கூடுதல் பெருமை, இல்லாவிட்டால் குறையில்லை. இந்தப் பங்கீடு வகுப்பறைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரே சேட்டையை முன் பெஞ்சுப் பையன் செய்தால் துடிப்பு, கடைசி பெஞ்சுப் பையன் செய்தால் திமிர்.

கடன் வாங்கிய குரல் யாருடையது என்பதும் சில்லறை விஷயமில்லை. கரும்பலகை லீடரின் குரலையும் உள்ளே குடியமர்த்திக்கொள்ளலாம். படித்த மத்தியதர வர்க்கத்தில் பலருக்குள் ஒரு சட்டாம்பிள்ளை ஆயுசு பூராவும் சாக்பீஸோடு உலாத்திக்கொண்டிருக்கிறார். (அச்சுக்குப் போகுமுன் ஒரு வரியை அடித்துவிட்டு அதைச் செம்மை என்று சொல்லிக்கொள்ளும் எழுத்தாளர்கள் அவரை நன்றாக அறிவார்கள்.) இது சுயகட்டுப்பாடா என்றால், கட்டுப்பாடு இருக்கிறது. சுயம்தான் சந்தேகம்.

இதுவரை சொன்னது வாயை அடக்குவது பற்றி. ஆசையை ஒத்திப்போடுவது பற்றி உலகம் முழுக்கப் பிரசித்தமான ஒரு பரிசோதனை இருக்கிறது. 1960-களின் கடைசியிலும் 1970-களின் தொடக்கத்திலும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில் வால்டர் மிஷல் செய்தது. குழந்தையின் முன்னால் மார்ஷ்மல்லோ என்கிற மெத்தென்ற மிட்டாய் ஒன்று. நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். சில குழந்தைகள் கண்ணைப் பொத்திக்கொண்டன, சில பாடின, சில தூங்கப் பார்த்தன. மிஷல் இதிலிருந்து பெற்ற பாடம் நுட்பமானது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதால் காரியம் நடப்பதில்லை. கவனத்தை வேறு பக்கம் திருப்பத் தெரிந்த குழந்தைதான் காத்திருக்கிறது. மிட்டாயை மூடி வைத்தால் அதிக நேரம் காத்திருக்கின்றன. அதை மேகம் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னாலும் காத்திருக்கின்றன. ஆக, கற்பனையும் கட்டுப்பாடும் நாம் நினைத்த மாதிரி எதிரிகள் அல்ல. கவிஞர்களுக்கு இது சந்தோஷமான செய்தி.

ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது இதை அல்ல. காத்திருந்த குழந்தைகள் பிற்பாடு பரீட்சைகளில் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள் என்று 1990-ல் வந்த கட்டுரையை. இரண்டு மிட்டாய்க்குக் காத்திருந்தவன் முன்னுக்கு வருவான், ஒன்றைத் தின்றவன் தன் விதியைத் தின்றான். கர்ம பலனை இவ்வளவு சுருக்கமாக நம்மவர்கள்கூடச் சொன்னதில்லை. 2018-ல் 900-க்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தச் சம்பந்தம் பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோயிற்று.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2013-ல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் சகாக்களும் செய்தது. மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை 28 குழந்தைகள். மிட்டாய்க்கு முன்னால் ஒரு சின்ன ஏற்பாடு. தேய்ந்துபோன கிரேயான்களைக் கொடுத்து, கொஞ்சம் பொறு, நல்லவை கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பாதிக் குழந்தைகளுக்கு நல்லவை வந்தன. மீதிப் பாதியிடம் வெறுங்கையோடு வந்து, மன்னித்துக்கொள், இல்லை என்றார்கள். ஸ்டிக்கரை வைத்து இன்னொரு முறை இதே மாதிரி. அதற்குப் பிறகுதான் மிட்டாய். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிஷம் காத்திருந்தன. ஏமாற்றப்பட்டவை 3 நிமிஷம். குணம் என்று நாம் பெயர் வைத்தது சில நிமிஷ நேர்மையினால் நாலு மடங்கு கூடுகிறது, குறைகிறது.

வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது ஆச்சரியம் தராது. காத்திருப்பது கடன் கொடுப்பது. இன்றைய மிட்டாயை இன்னொருவர் வார்த்தையின் பேரில் அவரிடமே விட்டுவைப்பது. சீட்டுக் கம்பெனி ஒன்று இரவோடிரவாக மூடிவிட்டுப் போன ஊரில் ஒரு பெண் தன் கூலியை எவரிடமும் போட மறுத்துக் காதுக்கு ஒரு தோடு வாங்கிக்கொண்டால் அவளுக்குச் சேமிப்புப் புத்தி இல்லை என்று கருத்தரங்குகளில் பேசுவார்கள். அவளுக்கு இருப்பது ஞாபகம். மூன்று நிமிஷத்தில் மிட்டாயைத் தின்ற குழந்தைக்கு இருந்ததும் அதுதான்.

ஆகவே வகுப்பறையில் சுயகட்டுப்பாட்டை வளர்ப்பது பற்றிப் பேச்செடுத்தால் நான் முதலில் பி.டி. பீரியடைப் பற்றிக் கேட்பேன். வாரத்தில் ஒன்றோ இரண்டோ. அரையாண்டுப் பரீட்சை நெருங்கினால் அது கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும். பத்தாம் வகுப்பு என்றால் வருஷம் பூராவும் போய்விடும். இந்தக் கணக்கை முடித்துவிட்டால் மைதானத்துக்குப் போகலாம் என்பார். கணக்கு முடியும், மணியும் அடித்துவிடும். பிறகு அதே ஆசிரியர் பொறுமையின் மேன்மையைப் பற்றிச் சொல்வதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், கையைக் கட்டிக்கொண்டு. அடக்கம் முதலில் வேண்டியிருப்பது ஆசிரியருக்கு. நிறைவேற்ற முடியாததைச் சொல்லாமல் இருக்கிற அடக்கம், சொல்லிவிட்டால் தன் சௌகரியத்துக்காக மாற்றாமல் இருக்கிற அடக்கம். எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். ஆசிரியரின் வார்த்தை அவர் கையில் இல்லை. பாடத்திட்டம் துரத்துகிறது, சுற்றறிக்கை வருகிறது. தேர்தலுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் அவரை அனுப்பலாம் என்று அதே சட்டத்தின் 27-வது பிரிவு அனுமதிக்கிறது. மேலே உடைகிற வாக்குறுதி கீழே இறங்கி வந்து ஐந்தாம் வகுப்பில் முடிகிறது. அடக்கப்பட்ட ஒருவரிடம் அடங்கக் கற்றுக்கொடு என்று சொல்கிறோம்.

அந்தப் பறிபோன பீரியடில் பிள்ளைகள் செய்திருக்கக் கூடியது என்ன? குழந்தையின் சுயகட்டுப்பாடு உச்சத்தைத் தொடுவது விளையாட்டில் என்பது வைகாட்ஸ்கியின் இன்னொரு கண்டுபிடிப்பு. விளையாட்டில் மிட்டாய் தின்னக்கூடாத ஏதோ ஒன்றாக வேஷம் கட்டியிருந்தால் குழந்தை அதைத் தின்னாது, யாரும் வெளியே போய்க் காவல் பார்க்க வேண்டியதில்லை. நம் கபடியில் மூச்சை அடக்கச் சொல்லி யாரும் பிரம்பெடுப்பதில்லை. பாண்டி ஆட்டத்தில் ஒரு கட்டம் உண்டு. சிறுமி முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, கோட்டை மிதிக்காமல் ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டுவாள். ஒவ்வொரு அடிக்கும் சரியா என்று கேட்பாள். சுற்றி நிற்பவர்கள் சரி என்பார்கள், அல்லது இல்லை என்பார்கள். நிற்பவர்கள் எல்லோரும் அவளுக்குப் போட்டி. அவள் தோற்றால்தான் அவர்கள் முறை வரும். இருந்தும் பொய் சொல்வதில்லை; சொன்னால் நாளைக்கு அந்தத் தெருவில் ஆட்டம் இல்லை. பியாஜே 1932-ல் கோலி ஆடும் பையன்களைப் பார்த்து, பெரியவரிடமிருந்து இறங்கி வரும் விதி வேறு, சமமானவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் விதி வேறு என்று சொன்னார். அந்தச் சிறுமியின் கால் அந்த இரண்டாவது விதியின் மேல் ஊன்றி நிற்கிறது.

வகுப்புக்குள்ளேயே இதற்கு இடம் கொடுத்தவர்களில் மாண்டிசோரி அம்மையாரைச் சொல்ல வேண்டும். 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோவில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். (இன்று நம் நகரங்களில் அவர் பெயர் பணக்காரத்தனமான மழலையர் பள்ளிகளின் பலகையில் தொங்குகிறது.) 1939-ல் அடையாறு வந்தார். யுத்தத்தால் இங்கேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலிலும் சில வருஷங்கள் இருந்தார். அவருடைய பயிற்சிகளில் ஒன்று மௌன விளையாட்டு. பிள்ளைகள் சேர்ந்து ஒரு மௌனத்தை உண்டாக்க வேண்டும். நாற்காலி கிறீச்சிடாமல், மூச்சுகூடக் கேட்காமல். கடிகாரத்தின் ஓசை அறைக்குள் வரும். அப்போது ஆசிரியர் அடுத்த அறையிலிருந்து ரகசியம் பேசுகிற குரலில் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவன் சத்தமில்லாமல் எழுந்து போவான். கடைசிப் பிள்ளையின் பெயர் வரும்வரை மற்றவர்கள் அந்த மௌனத்தைத் தாங்கிக்கொண்டிருப்பார்கள்.

இதிலும் சூழ்ச்சி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. மௌனம் வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவர் ஆசிரியர்தான். தாம் விரும்பும் ஒழுங்கைக் குழந்தையின் சுபாவம் என்று சொல்லிக்கொள்வது மாண்டிசோரியின் எழுத்தில் எனக்கு ஒட்டாத பகுதி. ஆனாலும் கரும்பலகை ஓரத்தில் விழுந்த பெயருக்கும் அடுத்த அறையிலிருந்து மெல்லக் கேட்கும் பெயருக்கும் வித்தியாசம் இருக்கிறது. இங்கே பெயர் கட்டாயம் வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். ஒருவரையும் விடாமல் கூப்பிடுவார் என்று தெரியும். சலிப்படைந்து பாதியில் நிறுத்திவிட்டுப் பாடத்துக்குப் போகிற ஆசிரியரிடம் இந்த விளையாட்டு இரண்டாம் முறை நடக்காது.

ரோசெஸ்டர் கணக்கில் இன்னும் ஓர் எண் இருக்கிறது. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட 14 குழந்தைகளில் 9 பேர் முழுதாக 15 நிமிஷமும் காத்திருந்தார்கள். இரண்டு முறை ஏமாற்றப்பட்ட 14 பேரிலும் ஒரே ஒரு குழந்தை முழுநேரமும் காத்திருந்தது. கிரேயான் வரவில்லை, ஸ்டிக்கர் வரவில்லை. அதே ஆள் மூன்றாவது முறை சொன்னதைக் கேட்டுக்கொண்டு, மிட்டாயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது. அதை நம்பிக்கை என்று சொல்வதா, அசாத்தியமான மனவலிமை என்று சொல்வதா, அல்லது எதையும் எதிர்பார்க்காமலேயே சொன்னபடி உட்காரத் தெரிந்துவிட்ட ஒரு பழக்கம் என்று சொல்வதா? நம் பள்ளிக்கூடம் என்ன சொல்லும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு நன்னடத்தைக்கான பரிசை அந்தக் குழந்தைக்குத்தான் கொடுக்கும்.